அப்பான்னா அரசுக்குக் கடன்காரர் மட்டும்தானா? பால்டிமோரின் ஜோ ஜோன்ஸ் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். 1990களின் தொடக்கம். மாநகர சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் ஏழைக் கர்ப்பிணிகளைச் சந்தித்துப் பேசும் வேலையில் இருந்தார். போதைப் பழக்கத்தில் சிக்கிய பெண்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது, தவறாமல் பரிசோதனைக்கு வரவைப்பது, குழந்தை நல்லபடியா பிறக்க உதவுவது, இதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு.

அந்த வேலையில் அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பல வீடுகளில் ஆண்களும் இருந்தார்கள், பிறக்கப்போகும் குழந்தையின் அப்பாக்கள். ஆனால் அரசுத் திட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. திட்டம் அம்மாவுக்கும் குழந்தைக்கும் மட்டும். அப்பாவைப் பற்றி அரசு விசாரிக்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான்: பணம் வசூலிக்கும்போது.

அந்த ஊழியரின் பெயர் ஜோசப் ஜோன்ஸ். எல்லாருக்கும் ஜோ ஜோன்ஸ். பின்னாளில் அமெரிக்காவில் 'பொறுப்பான தந்தைமை' என்று அழைக்கப்படும் பணியில் முக்கியமான பெயர்களில் ஒன்றாக ஆனவர். அவர் என்ன செய்தார், அதற்கு என்ன தேவை இருந்தது, அதனால ஏதாவது மாறியதா? பார்க்கலாம்.

யார் இந்த ஜோ ஜோன்ஸ்?

கிழக்கு பால்டிமோரின் லஃபாயெட் கோர்ட் என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். நம்ம ஊரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு என்போமே, அது மாதிரி, ஆனால் வானுயரக் கோபுரங்கள். அந்தக் கோபுரங்கள் குற்றத்துக்கும் வறுமைக்கும் பேர்போனதாகி, 1995 ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

ஜோன்ஸுக்கு 9 வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். 13 வயதில் ஹெராயின். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 17 வருஷம் போதை, கைது, சிறை என்றே ஓடியது. 1986இல் சிகிச்சைக்குப் போய் மீண்டார். சமுதாயக் கல்லூரியில் படித்தார். சுகாதாரத் துறையில் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்தார். இதையெல்லாம் அவரே பொதுமேடைகளிலும் பேட்டிகளிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். மறைக்கிற ஆள் இல்லை. ஒருவகையில் அதுதான் அவரது தகுதிச் சான்றிதழ். சிறையிலிருந்து வந்த ஒரு இளைஞனிடம் "உன் கஷ்டம் எனக்குப் புரியுது" என்று அவர் சொன்னால், அது வெறும் வார்த்தை இல்லை என்று அந்த இளைஞனுக்குத் தெரியும்.

1991இல் அமெரிக்க மத்திய அரசு 'ஹெல்தி ஸ்டார்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறந்துபோகும் 15 இடங்களைத் தேர்ந்தெடுத்து நிதி கொடுத்தார்கள். அதில் பால்டிமோரும் ஒன்று. அந்தத் திட்டத்துக்குள் 1993இல் ஆண்களுக்கென்று ஒரு தனிப்பிரிவை ஜோன்ஸ் உருவாக்கினார். குழந்தை இறப்பைத் தடுக்கும் திட்டத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவர் பக்கத்து நியாயம் எளிமையானது. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வீட்டில் சிகரெட் புகை இல்லாமல் பார்த்துக்கொள்ள, ராத்திரி அழுகிற குழந்தையைத் தூக்க இன்னொரு ஆள் இருக்கிறார். அவரையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

1999இல் அரசு வேலையை விட்டு வெளியே வந்து, தனியாக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். இன்று அதன் பெயர் 'சென்டர் ஃபார் அர்பன் ஃபேமிலீஸ்', அதாவது நகர்ப்புறக் குடும்பங்களுக்கான மையம். மேற்கு பால்டிமோரில், மொண்டாமின் வணிக வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் ஆண் இருந்தால் உதவி கட்!

ஜோன்ஸ் பார்த்த நிலைமை தானாக வந்ததில்லை. அதற்குப் பின்னால் அரசே போட்ட சில விதிகள் இருக்கின்றன. கொஞ்சம் பின்னாடி போனால்தான் இது புரியும்.

1935இல் அமெரிக்கா ஏழைக் குழந்தைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்பா இறந்துவிட்டாலோ, விட்டுவிட்டுப் போய்விட்டாலோ, உழைக்க முடியாத நிலையில் இருந்தாலோதான் உதவி. நல்ல நோக்கம்தான். ஆனால் பல மாநிலங்கள் இதை ஒரு படி மேலே கொண்டுபோயின. அந்தப் பெண்ணோடு எந்த ஆண் பழகினாலும் அவரைக் குழந்தைக்கு 'மாற்று அப்பா'வாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, உதவியை நிறுத்தின. அவர் குழந்தைக்கு ஒரு வேளை சாப்பாடுகூட வாங்கித் தராதவராக இருந்தாலும் சரி. இதைக் கண்டுபிடிக்க நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து சோதனை போட்ட காலமும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஆண் செருப்பு கிடக்கிறதா, அலமாரியில் ஆண் சட்டை தொங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

1968இல் அலபாமா மாநிலத்தின் இந்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கிங் எதிர் ஸ்மித்' வழக்கில் ஒருமனதாக ரத்து செய்தது. விதி போய்விட்டது. ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடம் ஜனங்கள் மனசிலிருந்து அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. உதவித்தொகை அலுவலகத்து ஆள் வந்தால் வீட்டு ஆம்பளை கண்ணில் படக்கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.

அதே காலகட்டத்தில் ஏழை ஆண்களுக்கான வேலைகளும் குறைந்துகொண்டே வந்தன. பால்டிமோருக்குப் பக்கத்தில் ஸ்பாரோஸ் பாயிண்ட் என்ற பிரம்மாண்ட இரும்பாலை இருந்தது. 1950களின் கடைசியில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். பெரிய படிப்பு இல்லாதவரும் அங்கே உழைத்துக் குடும்பம் நடத்த முடிந்தது. படிப்படியாக ஆட்களைக் குறைத்து, 2012இல் ஆலையையே மூடிவிட்டார்கள். அப்பா என்றால் சம்பாதித்துப் போடுபவர் என்ற எதிர்பார்ப்பு மட்டும் குறையவில்லை.

பராமரிப்புத் தொகை: பணம் யாருக்குப் போகுது?

1975இல் அமெரிக்கா பிரிந்து வாழும் அப்பாக்களிடம் குழந்தை பராமரிப்புத் தொகையை வசூலிக்கத் தனி அமைப்பையே உருவாக்கியது. அம்மாக்களும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அப்பாக்கள்தான். கேட்பதற்கு நம்ம ஊர் ஜீவனாம்சம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே நீதிமன்றம் உத்தரவிடும் ஜீவனாம்சம் மனைவிக்கும் குழந்தைக்கும் சேர வேண்டியது, அரசு அதில் பங்கு கேட்காது. அமெரிக்காவில் அம்மா அரசு உதவித்தொகை வாங்கினால், பராமரிப்புத் தொகையைப் பெறும் உரிமையை அவர் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா கட்டுகிற பணத்தை, தான் கொடுத்த உதவிக்கு ஈடாக அரசு எடுத்துக்கொள்ளும்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் விளைவு புரியும். அப்பா 250 டாலர் கட்டுகிறார். வீட்டில் குழந்தைக்கு அதில் ஒரு டாலர்கூட வரவில்லை. "உங்கப்பா என்னதான் தர்றார்?" என்று யாராவது குழந்தையிடம் கேட்டால், "ஒண்ணும் தர்றதில்ல" என்பதுதான் பதில். அதே அப்பா கையில் 40 டாலரைக் கொடுத்தாலோ, டயப்பர் வாங்கிக் கொடுத்தாலோ வீட்டுக்கு உபயோகம். ஆனால் அது பொதுவாகக் கணக்கில் வராது. அவர் கட்டாதவராகவே பதிவாவார். அதனால் பல ஏழைக் குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் பேசிவைத்துக்கொண்டு, அதிகாரிகளுக்குத் தெரியாமல் கையில் கொடுத்து வாங்குவது வழக்கமானது. ஒருநாள் இருவருக்கும் சண்டை வந்தால் விஷயம் முழுக்க நீதிமன்றத்துக்குப் போகும், கையில் கொடுத்ததற்கு ரசீது எதுவும் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருமணம் ஆகாத பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை உத்தரவு போடும்போது, அப்பா குழந்தையை எப்போது பார்க்கலாம் என்பதைப் பெரும்பாலான மாநிலங்களில் அதே உத்தரவு சொல்லாது. அதற்குத் தனி வழக்கு, தனிச் செலவு. வக்கீலுக்குக் காசில்லாதவர் பணம் கட்டுவார், பிள்ளையைப் பார்க்க உத்தரவு இருக்காது.

அமெரிக்காவில் இப்போது பிறக்கும் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் திருமணமாகாத பெற்றோருக்குப் பிறப்பவை. அதனால இது ஏதோ ஒரு மூலையில் இருக்கிற பிரச்சினை இல்லை.

சிறைக்குள்ளேயும் ஓடும் மீட்டர்

கட்டாவிட்டால் என்ன ஆகும்? சம்பளத்தில் பிடிப்பார்கள். நிலைமையைப் பொறுத்து, கைக்கு வரும் சம்பளத்தில் பாதி முதல் 65 சதவீதம் வரை பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஓட்டுநர் உரிமத்தை முடக்கலாம். நிலுவை 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடைக்காது. கடைசியில், நீதிமன்ற அவமதிப்பு என்று சிறை.

வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கு இதெல்லாம் சரியான வைத்தியம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவரின் கதி? உரிமம் போனால் வேலைக்குப் போக வண்டி ஓட்ட முடியாது. வேலை போனால் நிலுவை ஏறும். நிலுவை ஏறினால் சிறை.

சிறைக்குப் போனால் கணக்கு நிற்குமா என்றால், அதுவும் இல்லை. மாதம் 250 டாலர் கட்ட வேண்டிய ஒருவர் வேறு ஏதோ வழக்கில் 3 வருஷம் உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவை மாற்றச் சொல்லி அவர் மனு போடவில்லை என்றால், வெளியே வரும்போது 9,000 டாலர் கடன் காத்திருக்கும். 1986இல் வந்த சட்டத்திருத்தம் ஒன்று, ஏறிவிட்ட நிலுவையைப் பின்தேதியிட்டுக் குறைக்க நீதிபதிகளுக்கே அதிகாரம் இல்லாமல் செய்துவிட்டது. சில மாநிலங்கள் சிறையில் இருப்பதை 'தானாக விரும்பி வேலையை விட்டது' என்றே கணக்கில் எடுத்தன. இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம், மாட்டிக்கொண்டவருக்கு வராது.

மொத்த நிலுவை எவ்வளவு தெரியுமா? நாடு முழுக்க 10,000 கோடி டாலருக்கும் மேல். இதை யார் வைத்திருக்கிறார்கள் என்று எலைன் சோரன்சன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 9 பெரிய மாநிலங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, நிலுவையில் 70 சதவீதம் வருஷத்துக்கு 10,000 டாலர் அல்லது அதற்கும் குறைவாக வருமானம் உள்ளவர்கள், அல்லது பதிவான வருமானமே இல்லாதவர்கள் பெயரில் இருந்தது. அதாவது அரசு துரத்திக்கொண்டிருந்த பணத்தில் பெரும்பகுதி, பணமே இல்லாதவர்களிடம்.

ஒரே மாதம், இரண்டு சாவு

2015 ஏப்ரல் 4. தென் கரோலினா மாநிலம், நார்த் சார்லஸ்டன். பிரேக் லைட் எரியவில்லை என்று வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரின் காரை போலீஸ் நிறுத்தியது. அவர் காரிலிருந்து இறங்கி ஓடினார். ஓடியவரைப் பின்னாலிருந்து போலீஸ்காரர் சுட்டுக்கொன்றார். வழியே போனவர் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. சுட்ட போலீஸ்காரருக்குப் பின்னர் 20 வருஷம் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பிரேக் லைட்டுக்காக யாராவது ஓடுவார்களா? குடும்பத்தினர் சொன்ன காரணம்: பராமரிப்புத் தொகை நிலுவைக்காக மறுபடியும் சிறையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அவர் பெயரில் சுமார் 18,000 டாலர் நிலுவை இருந்ததாகச் செய்திகள் வந்தன. இதற்காக முன்பே சிறை போய் வந்தவர் அவர்.

அதே தென் கரோலினாவில் மைக்கேல் டர்னர் என்பவர் 5,728 டாலர் சொச்ச நிலுவைக்காக 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். விசாரணையில் அவருக்கு வக்கீல் இல்லை. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011இல் வந்த தீர்ப்பு, இத்தகைய வழக்குகளில் அரசு கட்டாயம் வக்கீல் வைத்துத் தர வேண்டியதில்லை என்றது. ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன், கட்டும் சக்தி அவருக்கு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

ஸ்காட் கொல்லப்பட்ட அதே மாதம், 19ஆம் தேதி, பால்டிமோரில் போலீஸ் காவலில் காயமடைந்த 25 வயது ஃப்ரெடி கிரே இறந்தார். 27ஆம் தேதி நகரம் பற்றி எரிந்தது. கலவரம் வெடித்த இடம் மொண்டாமின் வளாகம். ஜோன்ஸின் மையம் அதன் அருகிலேயே இருக்கிறது. அங்கே தினமும் வந்துபோகும் இளைஞர்கள் எந்தச் சூழலிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தெரியாதவர்களும் அன்று டிவியில் பார்த்தார்கள்.

'ஓடிப்போன அப்பா': இது எந்த அளவுக்கு உண்மை?

கறுப்பின அப்பா என்றாலே பிள்ளையை விட்டு ஓடிப்போனவர் என்ற பிம்பம் அமெரிக்காவில் ரொம்ப காலமாக இருக்கிறது. 1965இல் அரசு அதிகாரியாக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்கள் சிதைவதாக எச்சரித்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார். ஆனால் அறிக்கையைப் பற்றிய பேச்சில் அந்தப் பாதி பெரும்பாலும் காணாமல் போனது.

தரவுகள் வேறு மாதிரி சொல்கின்றன. 1998 முதல் 2000 வரை 20 பெரிய நகரங்களில் பிறந்த சுமார் 4,900 குழந்தைகளைப் பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பால்டிமோரும் அதில் ஒன்று. திருமணமாகாத பெற்றோரில் 10க்கு 8 ஜோடிகள், குழந்தை பிறந்த நேரத்தில் காதல் உறவில்தான் இருந்தார்கள். பாதிப் பேர் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில்தான் உறவு உடைந்து அப்பா விலகிப் போனது. ஆக, உதவிக்கு யாராவது வர வேண்டும் என்றால் அந்த முதல் சில மாதங்கள்தான் சரியான நேரம். 1993இல் ஜோன்ஸ் கர்ப்பிணிகளின் வீட்டிலிருந்து தொடங்கியது அந்த நேரத்தில்தான். ஆய்வு அதற்குப் பிறகு வந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் வெளியிட்ட கணக்கு இன்னும் பலரை ஆச்சரியப்படுத்தியது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் அப்பாக்களில், தினமும் குழந்தையைக் குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, உடை மாட்டுவது போன்றவற்றைச் செய்தவர்கள் கறுப்பினத்தவரில் 70 சதவீதம், வெள்ளையரில் 60 சதவீதம். சேர்ந்து வாழாத அப்பாக்களின் பங்களிப்பு எல்லா இனத்திலும் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

மையத்துக்குள் என்ன நடக்குது?

ஜோன்ஸின் மையம் உபதேசத்தில் ஆரம்பிப்பதில்லை, வேலையில் ஆரம்பிக்கிறது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1980களில் உருவான 'ஸ்ட்ரைவ்' என்ற வேலைப் பயிற்சி முறையை அவர் பால்டிமோருக்குக் கொண்டுவந்தார். பயிற்சி சில வாரங்கள்தான், ஆனால் கறார். நேரத்துக்கு வர வேண்டும், வேலைக்குப் போவது போல உடுத்தி வர வேண்டும், நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும், சிறைவாசத்தைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

அதோடு சேர்ந்து அப்பாக்களுக்கான குழு. குழந்தை எந்த வயதில் எப்படி வளரும், அம்மாவோடு உறவு முறிந்த பிறகும் சண்டையில்லாமல் எப்படிப் பேசுவது, நிலுவை உத்தரவை மாற்ற எங்கே மனு கொடுப்பது என்பதெல்லாம் அங்கே பேச்சு. வேலை, அப்பா பொறுப்பு, பராமரிப்புத் தொகை மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்ததுதான் அவரது முக்கியமான யோசனை என்று சொல்லலாம். வேலை கிடைத்தவுடன் சம்பளத்தில் பாதி பிடிபட்டால் ஆள் அந்த வேலையை விட்டுவிட்டு, கணக்கில் வராத கூலி வேலைக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். வேலை வாங்கிக் கொடுப்பவரும் பணம் வசூலிப்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் இரண்டு பேரின் உழைப்பும் வீண்.

பராக் ஒபாமாவும் அப்பா இல்லாமல் வளர்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 2008 ஜூன் 15, தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில், பிள்ளைகளை விட்டுப்போகும் அப்பாக்களை அவர் கடுமையாக விமர்சித்துப் பேசினார். பாராட்டு வந்தது, கோபமும் வந்தது. அதிபரானதும் இதற்காக ஒரு பணிக்குழு அமைத்தார். அதில் ஜோன்ஸும் இடம்பெற்றார். ஒரு காலத்தில் போதைக்கு அடிமையாக பால்டிமோர் தெருவில் நின்றவர், வெள்ளை மாளிகையில் குடும்பக் கொள்கை பற்றி ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்தார்.

2016 டிசம்பரில் ஒபாமா அரசு வெளியிட்ட விதிமுறைகளில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. சிறைவாசத்தை விரும்பி வேலை இழந்ததாக இனி மாநிலங்கள் கருதக்கூடாது. 180 நாட்களுக்கு மேல் சிறையில் இருக்கப்போகிறவரின் உத்தரவை மறுபரிசீலனை செய்யலாம் என்பதை அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தெரிவிக்க வேண்டும், அல்லது தானாகவே மறுபரிசீலனையைத் தொடங்க வேண்டும். தொகையை நிர்ணயிக்கும்போது அவரால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்க வேண்டும். இது ஜோன்ஸ் ஒருவரால் வந்ததில்லை. அவரைப் போன்ற பல அமைப்புகள், ஆய்வாளர்கள், துறைக்குள்ளேயே இருந்த அதிகாரிகள் என்று நிறையப் பேர் பல வருஷமாகக் கேட்டு வாங்கியது.

சரி, பலன் கிடைச்சுதா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். தந்தைமைத் திட்டங்கள் எல்லாம் அதிசயம் செய்துவிட்டன என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது.

மத்திய அரசு நிதியில் நடந்த 4 திட்டங்களில் சுமார் 5,500 அப்பாக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு இல்லை. 2018இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளோடு அன்பாகப் பழகுவதும், வயதுக்கேற்றபடி விளையாடுவதும் படித்துக் காட்டுவதும் கூடியிருந்தது. ஆனால் நேரில் சந்திக்கும் அளவிலோ, கொடுக்கும் பணத்திலோ பெரிய மாற்றம் இல்லை. வருமானமும் உயரவில்லை. இதற்கு முன்பு 1990களில் 7 இடங்களில் நடத்திய 'பேரன்ட்ஸ் ஃபேர் ஷேர்' என்ற முயற்சியும் வருமானத்தில் சுமாரான பலனைத்தான் காட்டியது.

எங்கள் பார்வையில் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சில வாரப் பயிற்சியால் மூடிப்போன இரும்பாலை திரும்ப வந்துவிடாது. வேலைச் சந்தை, சிறை, வீட்டு வாடகை எல்லாம் அப்படியே இருக்கும்போது, வகுப்பறை மாற்றக்கூடியது அப்பாவின் நடத்தையைத்தான். அது மாறியிருக்கிறது.

பெண்கள் அமைப்புகள் எழுப்பும் கேள்விகளும் முக்கியமானவை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழை அம்மாக்களுக்கே போதுமான உதவி இல்லாதபோது அப்பாக்களுக்கு எதற்குத் தனி நிதி என்பது ஒன்று. அடித்துத் துன்புறுத்தும் ஆணை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவருவதில் முடியுமோ என்ற பயம் இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியை லேசாகக் கடந்துபோக முடியாது. அதனால்தான் 2006 முதல் இந்த நிதிக்கு விண்ணப்பிக்கும் அமைப்புகள் குடும்ப வன்முறையை எப்படிக் கையாளும் என்று விளக்க வேண்டும், அத்துறை வல்லுநர்களோடு ஆலோசிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எல்லா அப்பாவும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இருந்தால் ஆபத்து என்னும் வீடுகளும் உண்டு.

முதல் கேள்விக்குத் தொகையைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். 2010இல் வந்த சட்டத்தின்படி பொறுப்பான தந்தைமைக்கு ஒதுக்கப்பட்டது வருஷத்துக்கு 7.5 கோடி டாலர். பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் அமைப்பை நடத்த ஆகும் செலவோ வருஷத்துக்குச் சுமார் 600 கோடி டாலர். அம்மாக்களுக்கான பணத்தை அப்பாக்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னத் தொகை இது.

குழந்தை கைக்கே பணம் போகுமா?

அப்பா கட்டும் பணத்தை அரசு எடுத்துக்கொள்ளாமல் குடும்பத்துக்கே கொடுத்தால் என்ன? இதுதான் இப்போது நடக்கும் விவாதத்தின் மையம். கொலராடோ மாநிலம் 2017 ஏப்ரல் முதல் முழுத் தொகையையும் குடும்பத்துக்கே கொடுக்கிறது. மற்ற பல மாநிலங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குழந்தை உள்ள குடும்பத்துக்கு மாதம் 100 டாலரும், இரண்டு அல்லது அதற்கு மேல் குழந்தைகள் இருந்தால் 200 டாலரும் வரை கொடுத்தால், அதில் தன் பங்கை மத்திய அரசு மாநிலத்திடம் கேட்காது. அதனால் பல மாநிலங்கள் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டன.

ஜோன்ஸின் மேரிலாந்தும் 2019 ஜூலையில் இதைத்தான் செய்தது. அதன்படி, அரசு உதவித்தொகை வாங்கும் பால்டிமோர் அம்மாவுக்கு, ஒரே பிள்ளையின் அப்பா மாதம் 250 டாலர் கட்டினால், 100 டாலர் வீட்டுக்குப் போகும். மீதி 150 டாலர் அரசுக் கணக்குக்கு.